பெருச்சாளிக்கு ஒரு பூட்டு

வக்கீல் அலுவலகத்தின் படியேறி வாசலில் நின்றார் கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேருக்குக் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதர் அவர். அன்றைக்கு என்னவோ வாசல் பெயர்ப்பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் அவர் வாங்கும் வீட்டுக்குப் பத்திரப் பதிவு. அந்த வீட்டில் இப்போது அவர் மனைவி தனியாக இருந்தாள். தனியாக என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதுவோ, கோர்ட்டு வட்டாரத்தில் 'வில்லங்கம்' என்றால்தான் தெரியும். விற்பவரும் வாங்குபவரும் சிரித்துக்கொண்டே கொண்டுவருகிற வீட்டு விவகாரத்தில், இருவருக்குமே தெரியாத சிக்கலைத் தோண்டியெடுத்து மேசைமேல் போட்டுவிடுவார் என்பதால் வந்த பட்டம். கோபம் வராது, குரல் உயராது. அவருடைய ஜூனியரோ நேர் எதிர். எதிராளி வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பையே சொல்லிவிடும் அவசரக்காரர்.

"மேடம், பதிவைத் தள்ளிப்போட முடியுமா?" என்றார் கடைக்காரர், உட்காருவதற்கு முன்பே.

"நாளைக்கே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதான். இப்ப என்ன ஆச்சு?"

"வீட்டுல யாரோ நடமாடுறாங்க."

ஜூனியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பேயா சார்?"

"தம்பி, கொஞ்சம் சும்மா இரு," என்றார் வக்கீலம்மா. "நீங்க முதல்லேருந்து சொல்லுங்க. அவசரமில்ல."

கடைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி. வீட்டை விற்கும் கான்ட்ராக்டர், "சும்மா பூட்டித்தானே கிடக்கு, இப்பவே குடி வந்துடுங்க, பதிவு பின்னால ஆகட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பதிவுக்கு முன்னால் குடிபோக வேண்டாம் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே?

போன புதிதில் ஒன்றும் இல்லை. பிறகுதான் ஆரம்பித்தது. திறந்து வைத்துவிட்டுப் போன சன்னல்கள் திரும்பி வரும்போது சாத்தியிருந்தன. சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை யாரோ துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் கட்டிலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போயிருந்தது. ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை. அதுதான் கடைக்காரருக்குப் புரியவில்லை. திருடன் என்றாலாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். எதையும் எடுக்காமல் வந்து போகிறவனை என்னவென்று நினைப்பது?

"பூட்டை மாத்தலியா?" என்று கேட்டார் ஜூனியர்.

"முன்வாசல், பின்வாசல் ரெண்டுக்கும் மாத்திட்டேன். அப்பவும் நிக்கல. மொட்டை மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி இருக்கு. இடுக்குல தகடு மாதிரி எதையாவது விட்டா வெளியேருந்து தூக்கலாம்னு என் மனைவி கண்டுபிடிச்சா. ஆனா கொக்கி எந்த உயரத்துல இருக்குன்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது. உள்ள இருந்து பழகினவங்களுக்குத்தான் தெரியும்."

"ம். அப்புறம்?"

"முந்தாநாள் கான்ட்ராக்டருக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். உடனே ஓடி வந்தாரு. மாடியில ஒரு ரூம் இருக்கு. அவங்க அப்பா சாமான் உள்ள இருக்கு, பதிவு முடிஞ்சதும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தாரு. நாங்க எட்டிக்கூடப் பார்த்ததில்ல. அவர் மட்டும் உள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்தாரு. பெருச்சாளிங்க, பூனை கணக்கா இருக்கு, கடிச்சா ஆபத்து, இந்த ரூமை வெளியேருந்து பூட்டிடுங்க, பதிவு முடியட்டும், ஆள் அனுப்புறேன்னாரு. தெருமுனைக் கடையில நானே பூட்டு வாங்கிட்டு வந்து மாட்டினேன். உங்க சாமான் இருக்கே, ஒரு சாவி வச்சுக்குங்கன்னு நீட்டினேன். எனக்கு எதுக்கு, உங்க வீடுன்னு வாங்கவே மாட்டேன்னுட்டாரு."

"அதுக்கப்புறம் எதுவும் இடம் மாறல?"

"இல்ல. ஆனா மேல ஏதோ தட்டுது மேடம். பகல்லயும் தட்டுது. யாரதுன்னு கத்திக் கேட்டேன். பதில் இல்ல. நான் கத்தக் கத்த அது பாட்டுக்குத் தட்டிட்டே இருந்துச்சு. நேத்து பலமா இருந்துச்சு. இன்னிக்குக் காலைலேருந்து குறைஞ்சு போச்சு. அது செத்துத் தொலைஞ்சா நல்லதுன்னு என் மனைவிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. "குறைஞ்சு போச்சா? நீங்க திறந்து பார்க்கல?"

"பயமா இருக்கு மேடம்," என்றார் கடைக்காரர். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பத்திர நகலைச் சரிபார்க்க வரச் சொல்லியிருந்த விற்பனைக்காரர்கள் வந்து நின்றார்கள். முன்னால் கான்ட்ராக்டர், கதவின் அகலம் முழுக்க அடைத்துக்கொண்டு. பின்னால் அவருடைய தங்கை. தையல் வகுப்பு நடத்துகிறவர், நூல் மாதிரியே மெலிந்த பெண்மணி. அவர் உள்ளே வந்ததும் ஒரு நாற்காலியைக் காட்டி, "சின்னண்ணா, நான் இங்க உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

ஜூனியர் கடைக்காரரின் காதருகே குனிந்தார். "இவர் சின்னண்ணனா? கிரேன் வச்சுத்தான் சார் தூக்கணும்." அத்தனை கலக்கத்திலும் கடைக்காரருக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. இந்த ஆகிருதிக்கு இப்படிச் செல்லமாகப் பேர் வைத்த புண்ணியவதிக்கு முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. நகலை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. உயிலும் எழுதல. அப்படின்னா வீடு பிள்ளைங்க எல்லாருக்கும் சமம். பிள்ளைங்க எத்தனை பேர்?"

"ரெண்டே பேர்தாங்க. நானும் என் தங்கச்சியும்," என்றார் கான்ட்ராக்டர். "அதான் எழுதிக் கொடுத்திருக்கோமே."

"நீங்க சொல்லுங்கம்மா."

தங்கை தன் விரல்களைப் பார்த்தார். "அதான்... சின்னண்ணன் சொல்லிட்டாருல்ல."

வக்கீலம்மா பேனாவை மூடினார். கடைக்காரர் பக்கம் திரும்பி, "மாடி ரூம் சாவி எங்க?" என்றார்.

"என் சட்டைப் பையில."

"கிளம்புங்க. வீட்டை ஒரு தடவை பார்த்துடலாம்."

கான்ட்ராக்டர் எழுந்துவிட்டார். "என்னங்க இது, நாளைக்குப் பதிவை வச்சுக்கிட்டு? பெருச்சாளியைப் பார்க்கவா ஊர்வலம் போறீங்க?"

"ஆமாங்க. எலிப்பொறி வச்ச வீட்டைப் பார்த்திருக்கேன், மருந்து வச்ச வீட்டைப் பார்த்திருக்கேன். பெருச்சாளிக்குப் பூட்டுப் போட்ட வீட்டை இதுவரைக்கும் பார்த்ததில்ல." பிறகு தங்கையிடம், "நீங்க என்கூட வண்டியில வாங்கம்மா," என்றார்.

வண்டி கிளம்பியதும் வக்கீலம்மா ஜூனியரிடம் மெதுவாகச் சொன்னார்: "முதல்ல ஆம்புலன்சுக்குப் போன் போடு. அடுத்து போலீசுக்கு."

"யாருக்கு மேடம் ஆம்புலன்ஸ்?" என்று ஜூனியர் கேட்டார். வழக்கமான துள்ளல் அவர் குரலில் இல்லை.

"போனாத்தான் தெரியும். சீக்கிரம் போடு."

கடைக்காரர் இப்போதுதான் யோசித்தார். பெருச்சாளிக்குப் பூட்டு எதற்கு? கதவைச் சாத்தினாலே போதுமே. கொண்டியைத் திருகிப் பூட்டைத் திறக்கிற பெருச்சாளி உலகத்தில் உண்டா? முந்தாநாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பயம் வந்தால் புத்தி வேலை செய்யாது என்பது தெரியும். இவ்வளவு மோசமாக நின்றுபோகும் என்று தெரியாது. பையிலிருந்த சாவி நெஞ்சில் உறுத்தியது.

வீட்டு வாசலில் அவர் மனைவி கேட்டைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றிருந்தாள். "என்னங்க, இப்ப சத்தமே இல்ல," என்றாள். "அதான் உள்ள இருக்க முடியல. தட்டுனப்பகூட இவ்வளவு பயமா இல்லங்க."

கான்ட்ராக்டரும் தன் வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டார். எல்லோரும் படியேறினார்கள். மேலே குறுகலான ஒரு நடை. ஒரு பக்கம் மொட்டை மாடிக் கதவு, மறுபக்கம் அந்த அறை. கதவில் கடைக்காரரின் புத்தம் புதுப் பூட்டு பளபளத்தது. வக்கீலம்மா உள்ளங்கையால் கதவை ஓங்கி அடித்தார். மரக்கதவு அதிர்ந்தது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளிருந்து, தரைக்குப் பக்கத்தில், சோர்ந்துபோன ஒரு தட்டு. இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு வேகமாக இரண்டு.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டார். "இது என்னைக் கூப்பிடுற தட்டு," என்றார். "சின்ன வயசுல இப்படித்தான்... பலகையில தட்டி... என்னைக் கூப்பிடுவாரு."

"பாப்பா, வாயை மூடு!" என்று கான்ட்ராக்டர் அதட்டினார்.

கடைக்காரர் சாவியை எடுத்தார். அது பூட்டின் எல்லாப் பக்கமும் இடித்ததே தவிர துவாரத்தில் நுழையவில்லை. மனைவி அதைப் பிடுங்கித் திறந்தாள்.

உள்ளே புழுக்கமும் மூத்திர நாற்றமும் முகத்தில் அடித்தன. கம்பி போட்ட, பாதி திறந்த சன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் மொட்டைச் சுவர் நின்றது. அங்கே நின்று கையை ஆட்டினாலும் பார்க்க ஆளில்லை. கதவோரம் ஒரு மனிதர் சுருண்டு கிடந்தார். தலை நரைத்திருந்தது, உதடு வெடித்திருந்தது, விரல் முட்டிகள் புண்ணாகியிருந்தன. வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"பெரியண்ணா!" என்று அலறிக்கொண்டு தங்கை அவர் மேல் விழுந்தார்.

அவரைக் கீழே தூக்கிவந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆம்புலன்சில் வந்த மருத்துவ உதவியாளர் நாடி பார்த்து ஊசி போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று அவர் தணிந்த குரலில் சொன்னது கடைக்காரரின் காதில் தெளிவாக விழுந்தது. போலீஸ்காரர் வாசல்படியில் நின்றார். கான்ட்ராக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றார் ஜூனியர். அவர் கண்கள் இன்னும் மாடிப்படியிலேயே இருந்தன.

"நீ சிரிச்சியே, அங்கேதான். ஒரே ஒரு அண்ணன் இருந்தா அண்ணான்னு கூப்பிடுவாங்க. சின்னண்ணான்னு கூப்பிடணும்னா மேல ஒரு பெரியண்ணன் இருந்தாகணும். உடம்பைப் பார்த்து வச்ச பேர் இல்ல அது. பத்திரத்துல ரெண்டு பிள்ளைங்க. இந்தம்மா வாயில மூணு பிள்ளைங்க. எழுதுறப்ப பொய் சொல்லிடலாம், கூப்பிட்டுப் பழகுன வாய் அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது."

"அதனால அவர் மாடியில இருக்காருன்னு..."

"அது இவர் சொன்னதுல இருந்துச்சு," என்று கடைக்காரரைக் காட்டினார். "வந்த ஆள் திருடல. மழை வந்தா நனையுமேன்னு சன்னலைச் சாத்துறாரு, தண்ணி வீணாகுதேன்னு குழாயைக் கட்டுறாரு, கட்டிலைப் பழைய இடத்துலயே திருப்பிப் போடுறாரு. மாடிக் கொக்கி எந்த உயரத்துல இருக்குன்னு தெரிஞ்சவரு. இது வீட்டுக்காரன் பண்ற வேலை. யாருன்னு கேட்டா பதில் சொல்லாம தட்டிட்டே இருந்தாரு. அப்படின்னா கேட்டதே அவர் காதுல விழல."

தங்கை அழுதுகொண்டே தலையாட்டினார். "பிறவியிலேயே காது கேக்காது, பேச வராது. வெளியூர்ல அச்சகத்துல வேலை. போன வருசம் அங்கேயே இறந்துட்டாருன்னு சின்னண்ணன் சொன்னாரு. செத்தவருக்கு எதுக்குக் கையெழுத்து, ரெண்டு பேருன்னே எழுதிடலாம்னாரு."

"இறந்தவரா இருந்தாலும் இறந்தவர்னு எழுதி, அதுக்கு அத்தாட்சி வைக்கணும்மா. பிறக்கவே இல்லைன்னு எழுதக் கூடாது."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் விரல்களால் பேசினார். அவர் விரல்கள் மெதுவாகப் பதில் சொல்ல, தங்கை அதை வாயால் சொன்னார். "ஊருக்குத் திரும்பி வந்து, மொட்டை மாடி வழியா வீட்டுக்குள்ள போனாராம். வீட்டுல வேற யாரோட சாமானோ இருந்துச்சாம். சின்னண்ணனைப் போய்ப் பார்த்திருக்காரு. மாடி ரூம்லயே இரு, யார் கண்ணுலயும் படாதே, நான் சரி பண்றேன்னு சொல்லி அனுப்பினாராம். முந்தாநாளும் வந்து, இங்கேயே இருன்னு சைகை காட்டிட்டுப் போனாராம்."

"பேசவே வராதவனுக்கு வீட்டுல என்ன உரிமை?" என்று வெடித்தார் கான்ட்ராக்டர்.

"பிறந்த உரிமை," என்றார் வக்கீலம்மா. "சட்டம் குரலைக் கேட்டுப் பங்கு கொடுக்கறதில்ல. மூணுல ஒரு பங்கு அவரோடது. நாளைக்குப் பதிவு நடந்திருந்தா, இவர் ரெண்டு பங்கு வீட்டையும் ஒரு வழக்கையும்தான் வாங்கியிருப்பாரு."

கான்ட்ராக்டர் போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "சார், இந்த ஊமை சொல்றதுன்னு இவ சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா? எனக்கு உள்ள ஆள் இருந்ததே தெரியாது. பூட்டு வாங்கினது யாரு? இவரு. மாட்டினது இவரு. சாவி இன்னிவரைக்கும் இவர் பையில. நான் இதுல எங்க வந்தேன்?"

பூட்டைப் பற்றி அந்த ஆள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று கடைக்காரருக்குத் தெரியும். நாளைக்குப் பதிவு முடிந்திருந்தால் வீடு அவருடையது, பூட்டு அவருடையது, உள்ளே கிடந்திருக்கும் பிணமும் அவருடையதாகியிருக்கும். மனைவி அவர் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

தங்கை கட்டிலை விட்டு எழுந்து வந்தார். இத்தனை வருடமும் வாங்க, போங்க என்று பேசிய வாய். "நீ எல்லாம் ஒரு மனுசனா?" என்றார். "கூடப் பிறந்தவரைக் கொல்லப் பார்த்தியேடா!"

"கொல்லுவேனா? என்ன பேச்சு பேசுற நீ? நாளைக்கு ஒரு நாள்தானே! பதிவு முடிஞ்ச கையோட நானே வந்து திறந்துவிட்டிருப்பேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"ஆள் இருந்தது தெரியாதுன்னீங்க. சரி, போகட்டும்," என்றார் வக்கீலம்மா, குரலை உயர்த்தாமலே. "திறந்துவிட்டிருப்பேன்னு சொன்னீங்களே, எந்தச் சாவியை வச்சு? இவர் நீட்டினப்ப வேண்டாம்னுட்டீங்க. திறக்கப் போறவர் சாவியை வேண்டாம்னு சொல்ல மாட்டார்."

கான்ட்ராக்டர் வாசலைப் பார்த்தார். போலீஸ்காரர் அவர் தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய உடம்பு வாசல்படியில் தடுக்கி விழப் பார்த்தது.

"பதிவு நாளைக்கு இல்ல," என்று வக்கீலம்மா கடைக்காரரிடம் சொன்னார். "இவர் தேறி வரட்டும். விக்கிறதும் விக்காததும் இவரோட முடிவும் சேர்ந்துதான். ஒருவேளை வீடு உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம்."

"போகட்டும் மேடம்," என்றார் கடைக்காரர். நேற்றுவரை அந்த வீட்டுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர். இப்போது அந்த வார்த்தை சுலபமாக வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் படுக்கையை எடுத்துவரப் போனார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த மனிதர் தன் புண்பட்ட விரல்களைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் ஏதோ சைகை செய்தார். தங்கை பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் விடாமல் மறுபடியும் அதையே கேட்டார்.

"என்ன கேக்கறாரு?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லுங்கம்மா."

"கதவைப் பூட்டினது யாருன்னு கேக்கறாரு." தங்கை அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நான் சின்ன... நான் அவன்னு சொல்லிடறேன். நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க."

கடைக்காரருக்கு இத்தனை நாளும் இல்லாத பயமாக இருந்தது இது. மனைவியைப் பார்த்தார். மெல்ல நடந்து கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தான்னு சொல்லுங்க," என்றார். "சத்தம் கேட்டும் திறக்காம இருந்ததும் நான்தான்னு சொல்லுங்க."

தங்கையின் விரல்கள் தயங்கித் தயங்கி அசைந்தன. பெரியண்ணன் நிமிர்ந்து கடைக்காரரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கடைக்காரர் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு பெரியண்ணன், பக்கத்தில் இருந்த காலித் தம்ளரை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று காட்டினார்.